எம்ஐடி லைப்ரரிக்குள் ஜிபிஎல் கோப்பு வந்தால் என்ன செய்வது? பங்களிப்பு விதிகள், டிசிஓ, சிஎல்ஏ

தறி

கோப்பு வகைகளை அடையாளம் காணும் ஒரு பைத்தான் லைப்ரரி, எம்ஐடி உரிமம் (உரிமக் குறிப்பை வைத்திருந்தால் போதும், யாரும் எப்படியும் பயன்படுத்தலாம்). புதிதாக வந்த பிஆரில் (புல் ரெக்வஸ்ட், மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி வரும் கோரிக்கை) பெரிய அட்டவணைக் கோப்பு ஒன்று இருக்கிறது. மேலே எந்த உரிமக் குறிப்பும் இல்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, ஃப்ரீடெஸ்க்டாப்பின் கோப்பு வகைப் பட்டியலான ஷேர்டு-மைம்-இன்ஃபோ தொகுப்பில் உள்ள எக்ஸ்எம்எல்லை ஸ்கிரிப்ட் போட்டு மாற்றியது என்கிறார். அந்தத் தொகுப்பு ஜிபிஎல் 2, அதாவது அதைச் சேர்த்து விநியோகிப்பதும் ஜிபிஎல்லிலேயே இருக்க வேண்டும் என்னும் காப்பிலெஃப்ட் உரிமம்.

இதை ஏற்கலாமா? இதுபோல ஏதாவது ஏற்கெனவே உள்ளே வந்து வெளியீடும் ஆகியிருந்தால் எப்படிச் சரிசெய்வது? பங்களிப்பு விதிகளில் என்ன எழுதி வைத்தால் இது வாசலிலேயே நிற்கும்? சிஎல்ஏ (பங்களிப்பாளர் புராஜெக்டுக்கு உரிமை தந்து கையெழுத்திடும் ஒப்பந்தம்) வேண்டும் என்று சிலர், டிசிஓ (இதைச் சமர்ப்பிக்க எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது பதிவு செய்யும் மாற்றத்திலும், ஒரு கையொப்ப வரியால் சான்று தருவது) போதும் என்று சிலர். அதற்கும் கருத்துச் சொல்லுங்கள்.

வேர்மட்டம்

தறி, இதே எக்ஸ்எம்எல்லால்தான் 2021 மார்ச்சில் ரெயில்ஸ் (ரூபி மொழியின் வலைக் கட்டமைப்பு) பில்டுகள் உலகம் முழுக்க உடைந்தன. முதலில் அதைப் பாருங்கள், உங்கள் கேள்விக்கான பாதி விடை அதில் இருக்கிறது.

மைம்மேஜிக் என்று கோப்பு வகை கண்டறியும் ஒரு ரூபி ஜெம் (தொகுப்பு). அறிவித்த உரிமம் எம்ஐடி. உள்ளே இருந்த அட்டவணைக் கோப்பு, ஷேர்டு-மைம்-இன்ஃபோவின் எக்ஸ்எம்எல்லிலிருந்து உருவாக்கப்பட்டது. இது ஜிபிஎல் என்று சுட்டிக்காட்டப்பட்டதும் அதன் பராமரிப்பாளர் 0.3.6, 0.4.0 பதிப்புகளை ஜிபிஎல்லில் வெளியிட்டு, 0.3.5 உட்பட பழைய பதிப்புகளை ரூபிஜெம்ஸ் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். ரெயில்ஸின் ஆக்டிவ் ஸ்டோரேஜ் மார்செலை நம்பியிருந்தது, மார்செல் மைம்மேஜிக்கை நம்பியிருந்தது. தொகுப்புகளின் பதிப்பெண்ணைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் 0.3.5 என்று எழுதியிருந்த ஒவ்வொரு செயலியிலும் பண்டில் இன்ஸ்டால் தோற்றது. தப்பித்துப் புதிய பதிப்புக்குப் போனவர்கள், எம்ஐடி செயலிக்குள் ஜிபிஎல் சார்பு (நம்பியிருக்கும் தொகுப்பு) வைத்திருக்கிறோம் என்ற இன்னொரு சிக்கலில் நின்றார்கள். ஓரிரு நாளில் மார்செல் 1.0, கோப்பு வகை கண்டறியும் இன்னொரு மென்பொருளான அப்பாச்சி டிக்காவின் தரவுக்கு மாறியது. ரெயில்ஸ் 5.2.5, 6.0.3.6, 6.1.3.1 பதிப்புகள் மைம்மேஜிக்கைக் கழற்றிவிட்டு வந்தன.

இத்தனைக்கும் ரெப்போவின் (கோடு களஞ்சியத்தின்) வேர் அடைவில் இருந்த உரிமக் கோப்பு தெளிவாகத்தான் இருந்தது. அது தவறாகச் சொன்னது ஒரே ஒரு கோப்பைப் பற்றி. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "இந்த புராஜெக்டின் உரிமம் என்ன" அல்ல, "இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது". அதை பிஆர் திறந்திருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

உங்கள் பிஆரை இப்போதைய வடிவில் ஏற்காதீர்கள். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, டிக்காவின் மைம் வகை எக்ஸ்எம்எல்லிலிருந்து அதே அட்டவணையை உருவாக்கச் சொல்லுங்கள். அது அப்பாச்சி 2.0. எம்ஐடி லைப்ரரிக்குள் அந்தக் கோப்பு அப்பாச்சி உரிமத்திலேயே இருக்கும், அதில் தவறில்லை. ஒரு விளைவை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜிபிஎல் 2 மட்டும் என்று இருக்கும் மென்பொருள்காரர்கள் இனி உங்கள் லைப்ரரியைச் சேர்க்க முடியாது. அப்பாச்சி 2.0-வில் உள்ள காப்புரிமை முறிவு விதியை (காப்புரிமை வழக்குத் தொடுத்தால் காப்புரிமை அனுமதி முடிந்துவிடும் என்பது) ஜிபிஎல் 2 கூடுதல் கட்டுப்பாடாகப் பார்க்கிறது. ஜிபிஎல் 3-க்கு அந்தத் தடை இல்லை.

இன்னொன்று, எக்ஸ்எம்எல்லைக் கூடவே அனுப்பாமல், கணினியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் பிரதியை இயங்கும்போது படிப்பது. மைம்மேஜிக்கின் பிந்தைய எம்ஐடி பதிப்புகள் இப்படித்தான் போயின. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் சரி. விண்டோஸிலும் மெலிந்த கன்டெய்னர்களிலும் அந்தக் கோப்பு இருக்காது, இன்ஸ்டால் தோற்கும் என்ற புகார் உறுதியாக வரும். நான் டிக்கா பக்கம்தான்.

நுணா

ஒரு சந்தேகம். கோப்பு நீட்டிப்பு, மேஜிக் பைட் (வகையைக் காட்டிக்கொடுக்கும், கோப்பிலுள்ள பைட்டுகள்) எல்லாம் வெறும் தகவல்தானே? தகவலுக்குப் பதிப்புரிமை உண்டா?

வேர்மட்டம்

தனித்தனி தகவலுக்கு இல்லை. ஆனால் எதைச் சேர்ப்பது, எந்த முன்னுரிமை எண் கொடுப்பது, எப்படி விவரிப்பது என்ற தெரிவும் அடுக்கும் ஒருவருடைய வேலை. அதோடு ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்படி தரவுத்தளத்துக்குப் பதிப்புரிமைக்கு வெளியே தனி உரிமையே இருக்கிறது. நீதிமன்றத்தில் ஜெயிக்கக்கூடும் என்பது ஒரு லைப்ரரி பராமரிப்பாளருக்குப் போதாது. அதைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் சட்டப்பிரிவு கேள்வி கேட்டாலே அவர்கள் வேறு லைப்ரரிக்குப் போய்விடுவார்கள்.

பாய்மரம்

டெபியன் லினக்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். புதுத் தொகுப்பு ஒன்று வரிசையில் நிற்கும்போது பதிப்புரிமைக் கோப்பில் ஒவ்வொரு கோப்பின் உரிமமும் உரிமையாளரும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு துணை அடைவு விட்டுப்போனாலும் திரும்பி வரும். பெரும்பாலும் மாட்டுவது மூன்று இடங்களில்: சோதனைக்காக வைத்த மாதிரிப் படங்கள், எழுத்துருக்கள், சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட்.

எழுத்துரு பற்றித் தமிழ் மென்பொருள் எழுதுவோர் கவனிக்க: நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்றவை ஓஎஃப்எல் 1.1 (ஓபன் ஃபான்ட் லைசென்ஸ், எழுத்துருக்களுக்கான திறந்த உரிமம்). எம்ஐடி செயலியோடு சேர்த்து அனுப்பலாம். உரிமக் கோப்பும் கூடவே போக வேண்டும், எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது. எழுத்துருவின் பெயரை உரிமையாளர் தனக்கென ஒதுக்கி வைத்திருந்தால், கிளிஃப் (எழுத்து வடிவம்) வெட்டியோ திருத்தியோ அதே பெயரில் வெளியிட முடியாது, பெயரை மாற்ற வேண்டும். இணையத்துக்காக சப்செட் செய்கிறவர்கள் (வேண்டிய எழுத்துகளை மட்டும் எடுப்பவர்கள்) இந்த ஒதுக்கிய பெயர் விதியைப் பார்ப்பதே இல்லை.

கீற்று

வாசலில் நிறுத்துவதற்கான இயந்திர வேலை இதோ.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் (உரிமங்களைக் குறிக்கும் பொதுத் தரம்) முறையில் இரண்டு வரி: எஸ்பிடிஎக்ஸ் பதிப்புரிமை வரி, எஸ்பிடிஎக்ஸ் உரிம அடையாள வரி. உரிமப் பெயரை எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். "ஜிபிஎல்-2.0" என்று மொட்டையாக எழுதக் கூடாது. "ஒன்லி"யா (அந்தப் பதிப்பு மட்டும்) "ஆர்-லேட்டர்"ரா (அதுவோ அதற்குப் பிந்தையதோ) என்பது அடையாளத்திலேயே இருக்க வேண்டும், பொருத்தப்பாடே அதைப் பொறுத்து மாறுகிறது. லினக்ஸ் கெர்னல் 2017 கடைசியில் வந்த 4.14 முதல் இந்த முறைக்கு மாறியது. அங்கே சி கோப்பில் இரட்டைச் சாய்கோடு கமென்ட், ஹெடர் கோப்பில் சாய்கோடு-நட்சத்திரக் கமென்ட் என்று விதி. காரணம், ஹெடரை இழுத்துக்கொண்டு உருவாகும் லிங்கர் ஸ்கிரிப்டுகளில் இரட்டைச் சாய்கோட்டை லிங்கர் புரிந்துகொள்ளாமல் பில்டு உடைந்தது.

அடுத்தது ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரீயூஸ் கருவி. உரிம உரைகள் எல்லாம் லைசென்சஸ் என்ற அடைவில், ஒவ்வொன்றும் தன் எஸ்பிடிஎக்ஸ் பெயரில். கமென்ட் போட முடியாத படம், ஆடியோ போன்றவற்றுக்குப் பக்கத்திலேயே அதே பெயரோடு டாட்-லைசென்ஸ் கோப்பு. நூற்றுக்கணக்கில் இருந்தால் ரீயூஸ் டாம்ல் கோப்பில் மொத்தமாக. 3.2 விவரக்குறிப்பிலிருந்து டாம்ல்தான், பழைய டெப்5 வடிவம் வழக்கொழிகிறது. பிறகு சிஐ-யில் (தானியங்கிச் சோதனையில்) ஒவ்வொரு பிஆருக்கும் ரீயூஸ் லின்ட் என்ற சரிபார்ப்பு. சில விநாடியில் முடியும்.

ஒன்றை மறக்காதீர்கள். லின்ட் பார்ப்பது வரி இருக்கிறதா என்பதை மட்டும். அந்த வரி உண்மையா என்பது அதற்குத் தெரியாது. தறியின் பிஆரில் அந்த அட்டவணைக்கு மேலே எம்ஐடி என்று எழுதியிருந்தால் லின்ட் பச்சை காட்டியிருக்கும். அதனால் வெளியீட்டுக்கு முன் ஒருமுறை ஸ்கேன்கோடு ஓட்டுங்கள், அது உரையையே ஒப்பிட்டுப் பார்க்கும். மெதுவானது, எல்லா பிஆருக்கும் வைக்காதீர்கள். தலைக்குறிப்பே இல்லாத உருவாக்கப்பட்ட கோப்பை அதுவும் பிடிக்காது. அங்கே மனிதர் கேட்கும் கேள்விதான் ஒரே தடுப்பு.

சார்புகளுக்குத் தனிச் சோதனை. பைத்தானில் பிப்-லைசென்சஸ், ரஸ்டில் கார்கோ-டெனி, கோவில் கோ-லைசென்சஸ். தடைப்பட்டியல் வைக்காமல் அனுமதிப்பட்டியல் வையுங்கள்: எம்ஐடி, பிஎஸ்டி-2, பிஎஸ்டி-3, ஐஎஸ்சி, அப்பாச்சி-2.0. பட்டியலில் இல்லாதது, "தெரியவில்லை" என்று வருவது, இரண்டுக்கும் சிஐ சிவப்பு. பைபியையில் (பைத்தான் தொகுப்புக் களஞ்சியம்) பழைய தொகுப்புகள் கிளாசிஃபையர் என்ற வகைக்குறிப்பில் "பிஎஸ்டி லைசென்ஸ்" என்று மட்டும் சொல்லும், 2-ஆ 3-ஆ தெரியாது. பெப் 639 (பைத்தான் தர ஆவணம்) வந்தபின் எஸ்பிடிஎக்ஸ் கோவையாகவே எழுதலாம். உங்கள் பைபுராஜெக்ட் கோப்பை முதலில் அதற்கு மாற்றுங்கள்.

தறி

அருமை. ஏற்கெனவே வெளியாகிவிட்டதைப் பற்றி? கிட் வரலாற்றிலிருந்தே அழிக்க வேண்டுமா?

வேர்மட்டம்

ஜிபிஎல் கோப்புக்கு வேண்டாம். வரலாற்றை மாற்றி எழுதினால் எல்லா கமிட் எண்ணும் மாறும், ஃபோர்க்குகள் முறியும், டேகை நம்பிய பில்டுகள் நிற்கும். ஜிபிஎல் கோப்பை ரெப்போவில் விநியோகிக்க ஜிபிஎல்லே அனுமதிக்கிறது, உரிம உரையும் குறிப்பும் இருந்தால் போதும். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மாற்றுக் கோப்போடு புதிய பதிப்பை வெளியிடுங்கள். அது கிடைத்த பிறகு பழைய பதிப்புகளுக்கு "இதில் இன்ன கோப்பு ஜிபிஎல், முழுத் தொகுப்பையும் விநியோகித்தால் ஜிபிஎல் விதிப்படி" என்று வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். பைபியையில் யாங்க் செய்யலாம் (பதிப்பை விலக்கிக்கொள்வது), அங்கே யாங்க் என்றால் சரியான பதிப்பெண்ணைக் குறித்துக் கேட்பவருக்கு இன்னும் கிடைக்கும். ரூபிஜெம்ஸில் அப்படி இல்லை, அதனால்தான் மைம்மேஜிக்கில் அத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் உடைந்தது. பராமரிப்பாளரின் நோக்கம் நேர்மையானது. மாற்று வருமுன் பழையதை எடுத்ததுதான் பாதிப்பைப் பெருக்கியது.

உரிமமே இல்லாத கோப்பு என்றால் கதை வேறு. யாரோ ஒருவர் கிட்ஹப்பில் உரிமம் குறிப்பிடாமல் போட்ட கோடு, நிறுவனத்துக்குள்ளிருந்து கசிந்த கோடு, இவற்றைப் பிரதி எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. அங்கே வரலாற்றுச் சுத்திகரிப்பைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

பாய்மரம்

பைனரி, டாக்கர் இமேஜ் வெளியிடுவோருக்கு ஒன்று. இமேஜை ரெஜிஸ்ட்ரியில் ஏற்றினால் அதிலுள்ள எல்லாவற்றையும் நீங்கள் விநியோகிக்கிறீர்கள். ஆல்பைன் மேல் கட்டினால் பிஸிபாக்ஸ் வருகிறது, அது ஜிபிஎல் 2. மூலத்தைக் கூடவே கொடுக்க வேண்டும், அல்லது மூன்று ஆண்டுக்குச் செல்லுபடியாகும் எழுத்து உறுதி கொடுக்க வேண்டும், மூன்றாம் பிரிவு. கோ பைனரியில் சார்புகளின் குறிப்புகளைச் சேர்ப்பவர்கள்கூட கோவின் நிலையான லைப்ரரியின் பிஎஸ்டி குறிப்பை விட்டுவிடுகிறார்கள். அதுவும் பைனரிக்குள் இருக்கிறது.

நுணா

சிஎல்ஏவா டிசிஓவா, அதற்கு வாங்க. என் வாக்கு சிஎல்ஏவுக்கு. நாளை உரிமம் மாற்ற வேண்டியிருந்தால் எல்லோரையும் தேடி அலைய முடியாது. விஎல்சி லைப்ரரியை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஓபன்எஸ்எஸ்எல் அப்பாச்சி 2.0-க்கு வந்து சேர பல வருடம் ஆனது, 2021-இல் 3.0 பதிப்போடுதான் முடிந்தது.

வேர்மட்டம்

> நாளை உரிமம் மாற்ற வேண்டியிருந்தால்

அந்தச் சிரமம்தான் பங்களிப்பாளருக்குப் பாதுகாப்பு. டெர்ராஃபார்ம் எம்பிஎல் 2.0-வில் இருந்தது, பங்களிப்பவர்கள் சிஎல்ஏ போட்டிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் ஒரே அறிவிப்பில், திறந்த மூல உரிமம் அல்லாத பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாறியது. அதிலிருந்து கிளைத்த ஓபன்டோஃபு டிசிஓதான் கேட்கிறது. ஜிசிசிகூட 2021-இல், பதிப்புரிமையை எஃப்எஸ்எஃப்புக்கு (கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை) எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டு டிசிஓவையும் ஏற்றது.

நுணா சொல்வதில் நியாயம் இருக்கும் இடம் காப்பிலெஃப்ட் புராஜெக்ட். தறியுடையது எம்ஐடி. எம்ஐடியில் சிஎல்ஏ இல்லாமலேயே யார் வேண்டுமானாலும் அதை எடுத்து அடுத்த பதிப்பை மூடிய உரிமத்தில் வெளியிடலாம், பழைய குறிப்பை வைத்திருந்தால் போதும். ரெடிஸ் 2024 மார்ச்சில் பிஎஸ்டியிலிருந்து விலகியது அந்த வழியில்தான், அதை எதிர்த்து வால்கீ பிறந்தது. ஆக சிஎல்ஏ தறிக்குக் கொடுப்பது மிகக் குறைவு. சின்னத் திருத்தம் அனுப்ப வருபவரைத் திருப்பி அனுப்புவதோ நிறைய.

ஏட்டுச்சுவடி

இந்தியச் சட்டத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இரண்டு இடம் முக்கியம்.

பிரிவு 17(சி): வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால். சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி நிறுவனத்தில் இருப்பவர் வீட்டில் இரவு எழுதியது இதற்குள் வருமா என்பது வேலையின் தன்மையைப் பொறுத்தது. ஆனால் பல நிறுவனங்களின் நியமனக் கடிதம் 17-ஐ விட அகலமாக, பணிக்காலத்தில் எழுதிய எல்லாம் எங்களுக்கு என்று இருக்கும். டிசிஓவின் முதல் உட்பிரிவு "இதைச் சமர்ப்பிக்க எனக்கு உரிமை உண்டு" என்கிறது. அந்த வரியைப் போடுமுன் நியமனக் கடிதத்தைப் படிக்க வேண்டும். பெரிய பங்களிப்பு என்றால் மேலாளரிடமோ சட்டப்பிரிவிடமோ மின்னஞ்சலில் அனுமதி வாங்கிச் சேமித்து வையுங்கள்.

பிரிவு 19: உரிமை மாற்றத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 30ஏ இதை உரிமம் கொடுப்பதற்கும் பொருத்துகிறது. அப்பாச்சி 2.0 "நிரந்தரம், உலகளாவியது" என்று சொல்லிவிடுகிறது. ஜிபிஎல் 3 "பதிப்புரிமை இருக்கும் காலம் வரை" என்கிறது. எம்ஐடி இரண்டையும் சொல்வதில்லை. இந்தியப் பங்களிப்பாளர் அதிகமுள்ள எம்ஐடி புராஜெக்ட் என்றால் பங்களிப்பு விதியில் "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகெங்கும்" என்று ஒரு வரி சேர்ப்பதில் எந்த இழப்பும் இல்லை.

நுணா

எம்ஐடிக்கு டிசிஓ போதும் என்று ஒப்புக்கொள்கிறேன். கையொப்ப வரி இல்லாமல் வரும் பிஆரை எப்படிச் சரிசெய்யச் சொல்வது? புதியவர்கள் திணறுகிறார்களே.

கீற்று

திணறுவது பெரும்பாலும் நான்கு இடத்தில்.

கமிட் கட்டளையில் சின்ன எஸ் கொடிதான் கையொப்ப வரியைச் சேர்க்கும். பெரிய எஸ் ஜிபிஜி சாவியால் முத்திரை இடுவது, அது வேறு. இரண்டையும் குழப்பி "போட்டேனே" என்பார்கள்.

கடைசி மூன்று கமிட்டில் விட்டுப்போனால்: ஹெட்~3 வரை ரீபேஸ், சைன்ஆஃப் கொடியோடு, பிறகு ஃபோர்ஸ்-வித்-லீஸ் புஷ். அந்த மூன்றில் வேறொருவர் எழுதியது கலந்திருந்தால் நிறுத்துங்கள், ரீபேஸ் எல்லாவற்றிலும் உங்கள் பெயரையே போட்டுவிடும்.

கமிட் ஆசிரியரின் மின்னஞ்சலும் கையொப்ப மின்னஞ்சலும் வேறாக இருந்தால் டிசிஓ பாட் சிவப்பு காட்டும். கிட்ஹப்பின் நோ-ரிப்ளை முகவரிதான் வழக்கமான காரணம். உலாவியிலேயே திருத்துபவர்களுக்காக ரெப்போ அமைப்பில் வலைக் கமிட்டுக்குக் கையொப்பம் கட்டாயம் என்ற தேர்வு இருக்கிறது, அதை இயக்குங்கள்.

நான்காவது பராமரிப்பாளர் பக்கம். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும்போது செய்தியை அழகாக்குகிறேன் என்று கையொப்ப வரியையும் அழித்துவிடுவது. பிஆரில் இருந்தது, மெயின் கிளையில் இல்லை. பாட் பிஆரோடு நின்றுவிடும், அதைப் பிடிக்காது.

நுணா

ஏஐ எழுதிய கோடு?

வேர்மட்டம்

ஜென்டூ 2024 ஏப்ரலில் தடை செய்தது, நெட்பிஎஸ்டி அடுத்த மாதம். கியூஇஎம்யூ 2025-இல் மறுத்ததற்குச் சொன்ன காரணம் நேரடியாக டிசிஓதான்: எங்கிருந்து வந்தது என்று தெரியாததற்கு எப்படிச் சான்று கொடுப்பது. சின்ன லைப்ரரிக்கு முழுத் தடையை நடைமுறைப்படுத்த முடியாது என்பது என் எண்ணம். எந்தக் கருவி, எந்தப் பகுதி என்று பிஆரில் எழுதச் சொல்லுங்கள். அறியப்பட்ட ஓர் அல்காரிதத்தின் முழுச் செயல்பாடாக இருந்தால் மறுக்கும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள்.

தறி

எல்லோருக்கும் நன்றி. விதியின் வரைவு இது. குறை சொல்லுங்கள்.

"ஒவ்வொரு கமிட்டிலும் டிசிஓ 1.1 கையொப்ப வரி வேண்டும். அதன் தமிழாக்கம் ரெப்போவில் உள்ளது. வேறிடத்திலிருந்து எடுத்த கோடு, தரவு, படம், எழுத்துரு எதுவானாலும் மூல முகவரி, கமிட் எண் அல்லது பதிப்பு, உரிமம் மூன்றையும் பிஆரில் எழுதவும். ஸ்கிரிப்ட் உருவாக்கிய கோப்பு என்றால் ஸ்கிரிப்டையும் சேர்க்கவும், உள்ளீட்டின் உரிமத்தையும் சொல்லவும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ துணுக்குகள் ஏற்கப்படா. பங்களிப்புகள் அனைத்தும் எம்ஐடி உரிமத்தில், பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகெங்கும் செல்லும்."

ஏட்டுச்சுவடி

இரண்டு திருத்தம். டிசிஓ உரையை அப்படியே பிரதி எடுக்கலாம், மாற்றக் கூடாது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. மூல ஆங்கில உரையை வையுங்கள், கீழே தமிழில் விளக்கம் எழுதுங்கள், கையொப்பம் ஆங்கில உரைக்கே என்று சொல்லுங்கள். அடுத்து, "பங்களிப்புகள் அனைத்தும் எம்ஐடி" என்பது தவறு. டிக்கா அட்டவணையை எம்ஐடியாகக் கொடுக்க அந்தப் பங்களிப்பாளருக்கு அதிகாரமில்லை. "நீங்களே எழுதியது எம்ஐடியில், மூன்றாம் தரப்புக் கோப்பு அதன் சொந்த உரிமத்திலேயே" என்று பிரித்து எழுதுங்கள்.

கீற்று

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வரிக்குக் காரணத்தையும் சேர்த்தால் வாதம் குறையும். அங்குள்ளது எல்லாம் சிசி பிஒய்-எஸ்ஏ (பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்திலேயே பகிர வேண்டிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்). 2018 மே முதல் 4.0, அதற்கு முன் 3.0, 2011 ஏப்ரலுக்கு முன் 2.5. எம்ஐடியாக மாற்றிக் கொடுக்க முடியாது. விடையைப் படித்துப் புரிந்துகொண்டு தானே எழுதினால் தடையில்லை என்பதையும் எழுதிவிடுங்கள்.

தறி

திருத்திவிட்டேன். பிஆர் அனுப்பியவர் டிக்காவுக்கு மாற ஒப்புக்கொண்டார். அட்டவணைக் கோப்பின் தலையில் அப்பாச்சி-2.0 அடையாளம், மூலப் பதிப்பு, உருவாக்கிய ஸ்கிரிப்டின் பெயர் போட்டிருக்கிறோம். வேறு ஏதாவது?

வேர்மட்டம்

"டிக்காவின் கோப்பிலிருந்து மாற்றப்பட்டது" என்று ஒரு வரி. திருத்திய கோப்பில் அது இருக்க வேண்டும் என்கிறது அப்பாச்சியின் 4(பி). டிக்காவின் நோட்டீஸ் கோப்பில் இந்த அட்டவணைக்குத் தொடர்புள்ள பகுதி இருந்தால் அதையும் உங்கள் வீல் (நிறுவத் தயாரான பைத்தான் வெளியீடு) தொகுப்புக்குள் போகும்படி வையுங்கள். ரெப்போவில் மட்டும் இருந்தால் போதாது. பில்டு செய்தபின் வீலை அன்சிப் செய்து, டிஸ்ட்-இன்ஃபோ அடைவில் இரண்டு உரிமமும் நோட்டீஸும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.